ஆட்டத்தை யார் நடத்துவது? கிராம்ப்ளிங் பயிற்சியாளர் எடி ராபின்சன்



கல்லூரி விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் தேர்ந்துகொண்டவர் எடி ராபின்சன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கிராம்ப்ளிங் என்ற சிற்றூரில் உள்ள கல்லூரியில் 1941ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகச் சேர்ந்து, 1997ஆம் ஆண்டு அதே கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றவர். இடையில் வேறு எந்தக் கல்லூரியிலும் வேலை பார்க்கவில்லை. அவருடைய அணிகள் 408 ஆட்டங்களில் வென்றன, 165 ஆட்டங்களில் தோற்றன, 15 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. விளையாட்டுப் பக்கங்களில் அவர் பெயர் வரும்போதெல்லாம் இந்த 408 என்ற எண்ணும் கூடவே வரும். நான் அதை இப்போதே சொல்லிவிட்டேன். அவரைப் பற்றிப் பேச அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆட்டத்தில் யோசித்து முடிவெடுக்கும் இடம் கறுப்பின இளைஞனுக்குக் கிடையாது என்று ஒரு நாடே முடிவுகட்டியிருந்த காலத்தில், அந்த இடத்துக்கென்றே தம் மாணவர்களைத் தயார்செய்து அனுப்பினார். அந்த வேலைக்கு அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. இன்றைய பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

ராபின்சன் 1919 பிப்ரவரி 13 அன்று லூசியானாவின் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வாரத்துக்கு நிலம் பிடித்துப் பருத்தி பயிரிட்டவர். தாய் வீட்டு வேலைக்குப் போனவர். குடும்பம் பிழைப்புக்காக மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜுக்கு வந்தது. அந்த நகரத்தில்தான் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கால்பந்துக்குப் பேர்போன இடம். சிறுவன் ராபின்சன் வளர்ந்த வீட்டுக்கு எட்டும் தொலைவில் அந்தப் பெரிய மைதானம் இருந்தது. ஆனால் அங்கே மாணவனாகச் சேரும் உரிமை அவனுக்கு இல்லை. நிறம் பிரித்து வைப்பது சட்டப்படி சரியே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்புச் சொன்ன பிளெஸ்ஸி வழக்கு லூசியானாவின் ரயில் பெட்டி ஒன்றிலிருந்து கிளம்பியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த மண்ணில் அந்தச் சட்டம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பது புரியும். லூசியானா ஸ்டேட்டின் கால்பந்து அணியில் கறுப்பின மாணவர்கள் இடம்பெற 1970களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே ராபின்சன் படித்தது லீலண்ட் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில். அங்கே அணியின் குவாட்டர்பேக்காக, அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்துபவராக, ஆடினார். பயிற்சியாளர் ரூபன் டர்னர் ஒரு பாப்டிஸ்ட் சமயப் போதகர். 1941இல் பட்டம் வாங்கினார். அந்த ஆண்டே பள்ளிக்காலம் முதல் பழகிய டோரிஸை மணந்தார். பட்டதாரிக்குக் கிடைத்த வேலை பேட்டன் ரூஜில் ஒரு தீவன ஆலையில், மணிக்கு 25 சென்ட் கூலிக்கு. வடக்கே கிராம்ப்ளிங்கில் உள்ள கல்லூரிக்குப் பயிற்சியாளர் தேவைப்படுகிறது என்று உறவினர் மூலம் கேள்விப்பட்டு, கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸைப் பார்த்துப் பேசினார். வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். வயது 22.

அந்தக் கல்லூரி 1901இல் கறுப்பின விவசாயிகளின் பிள்ளைகளுக்குத் தொழிலும் வேளாண்மையும் கற்றுக்கொடுக்கத் தொடங்கப்பட்டது. 1941இல் அதன் பெயர் லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். இவ்வளவு நீளப் பெயரை வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்களுக்கு உற்சாகக் குரல் கொடுப்பது எப்படி என்று பலரும் கேட்டதுண்டு. 1946இல் கிராம்ப்ளிங் என்று பெயர் சுருங்கியது.

சேர்ந்த புதிதில் ராபின்சனுக்குச் சம்பளத்துக்கு உதவியாளர் யாரும் இல்லை. மைதானத்துப் புல்லை அவரே வெட்டினார். கோடுகளை அவரே போட்டார். ஆட்டத்துக்கு முன் பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார். ஆட்டம் முடிந்தபின் அதன் செய்தியை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். கூடைப்பந்துக்கும் அவரே பயிற்சியாளர். இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. சுண்ணாம்புத்தூளும் கையுமாக மைதானத்தில் நின்றவர்கள் நீங்கள். முதல் ஆண்டு எட்டு ஆட்டங்களில் மூன்றில்தான் வெற்றி. அடுத்த ஆண்டு, 1942இல், ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் வென்றார்கள். எதிரணிகள் ஒன்றுகூட ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் இப்படி ஒரு பருவம் அபூர்வத்திலும் அபூர்வம்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1943, 1944 ஆண்டுகளில் கல்லூரி அணி கிடையாது. ராபின்சன் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி அணியைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு தகப்பனார் தம் மகன்களை அணியிலிருந்து நிறுத்திவிட்டார். ராபின்சன் அவரிடம் வாதாடவில்லை. அணி முழுவதையும் அழைத்துக்கொண்டு போய் அந்த வயலின் பருத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையன்களை மீட்டு வந்தார். பருத்திக் காட்டில் வளர்ந்தவருக்கு அந்தத் தகப்பனின் நெருக்கடி தெரியும். பையனுடைய வருங்காலத்தைப் பற்றி அங்கே பேசிப் பயனில்லை, பருத்தி செடியில் நிற்கிறது என்பதும் தெரியும். அவருடைய குணத்தை எனக்கு முழுதாகக் காட்டிய நிகழ்ச்சி இதுதான்.

வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் வழியில் தெற்கு மாநிலங்களின் உணவு விடுதிகள் அவர்களை உள்ளே விடாது. அதனால் புறப்படும்போதே ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். அதையும் பயிற்சியாளரே செய்த நாட்கள் உண்டு. கழிப்பறைக்கு எங்கே நிறுத்தலாம், பெட்ரோல் எங்கே போடலாம், எந்த ஊரை இருட்டுமுன் தாண்டிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கில் இருந்தாக வேண்டும். ஆட்ட உத்தி அதற்கு அப்புறம்.

அவர் ஓயாமல் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தம் மாநிலப் பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியிருந்ததால் வடக்கே அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய் 1954இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பயிற்சியாளர்களுக்கான கோடைக்கால வகுப்புகள் எங்கே நடந்தாலும் தேடிப் போவார். புகழ்பெற்றபின்னும் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1949இல் அவருடைய மாணவர் பால் யங்கர் லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். ‘டேங்க்’ என்பது அவருக்குச் செல்லப்பெயர். கறுப்பினக் கல்லூரியிலிருந்து தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.லுக்குப் போன முதல் ஆட்டக்காரர் அவர். யங்கர் தோற்றுத் திரும்பினால் அடுத்தவனுக்கு வாய்ப்பே இருக்காது என்பது ராபின்சனுக்கும் தெரியும், யங்கருக்கும் தெரியும். பத்துப் பருவங்கள் ஆடினார். அதன்பின் தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் அந்தச் சிற்றூருக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 1963இல் என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக இருந்த அமெரிக்கன் ஃபுட்பால் லீகின் ஆட்டக்காரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் கிராம்ப்ளிங்கின் பக் புக்கானன். அவரோடு வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகியோரும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் பெருமைக்கூடத்தில் இடம் பெற்றார்கள். ராபின்சனிடம் பயின்று தொழில்முறை அணிகளுக்குப் போனவர்கள் இருநூறு பேருக்கும் மேல்.

கிராம்ப்ளிங்கின் பெயர் நாடெங்கும் பரவியதில் கோலி நிக்கல்சனுக்குப் பெரும் பங்குண்டு. மரைன் படையில் போர்ச் செய்தியாளராக இருந்துவிட்டு 1948இல் கல்லூரியின் விளையாட்டுச் செய்தித் தொடர்பாளராக வந்தவர். 1968இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் மார்கன் ஸ்டேட் அணியோடு கிராம்ப்ளிங் ஆடியபோது அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1976இல் டோக்கியோவுக்கே போய் ஆடினார்கள். முதல் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தின் இடைவேளையில் வாசித்ததும் கிராம்ப்ளிங்கின் இசைக்குழு.

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு இந்த ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். அமெரிக்கக் கால்பந்தில் பந்து முட்டை வடிவம். பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே ஆட்டம். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து கையில் இருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு ஆட்டம் நின்று, திட்டம் சொல்லப்பட்டு, மறுபடி தொடங்கும். பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக்கின் கைக்கு. எதிரே நிற்பவர்களின் நிலையைப் படித்து, வந்த திட்டம் சரிப்படாது என்று கண்டால் அந்த இடத்திலேயே குரல் கொடுத்து மாற்றி, பந்தை யாரிடம் சேர்ப்பது என்று இரண்டு மூன்று வினாடிக்குள் தீர்மானிக்க வேண்டியவர் அவர். மற்ற பத்துப் பேரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

தொழில்முறை அணிகள் கறுப்பின ஆட்டக்காரர்களை ஏற்கத் தொடங்கியபின்னும் இந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஓடு, தடு, மோது. திட்டம் சொல்வதை எங்களிடம் விட்டுவிடு என்பதுதான் நடைமுறை. கல்லூரியில் குவாட்டர்பேக்காகக் கொடிகட்டிப் பறந்த பையனை, பந்து பிடிப்பவனாகவோ பின்களக் காவலனாகவோ மாற்றிவிடுவார்கள். காரணம் கேட்டால் அவனுடைய வேகத்தைப் புகழ்வார்கள். அறிவைப் பற்றிய இழிவான தீர்ப்பு அந்தப் புகழ்ச்சிக்குள் ஒளிந்திருந்தது. வேறு எந்த இடத்தில் தடுத்திருந்தாலும் இவ்வளவு காயம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இத்தனை பேரை அனுப்பும் கல்லூரியிலிருந்து ஒரு குவாட்டர்பேக் கூட ஏன் போகவில்லை என்ற கேள்வியை வானொலி, தொலைக்காட்சி வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் ராபின்சனிடம் எழுப்பினார். அந்தக் கேள்வி ராபின்சன் மனத்தில் ஏற்கெனவே கிடந்து உறுத்தியதுதான். ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற உயரமான, கை வலுவுள்ள இளைஞனை அந்த ஒரு நோக்கத்துக்காகவே வளர்த்தார். தொழில்முறை அணிகள் ஆடும் முறையிலேயே கிராம்ப்ளிங்கின் தாக்குதலையும் மாற்றி அமைத்தார். ஹாரிஸுக்கு நன்றாக ஓடவும் வரும். ஆனால் ஓடுவதைக் குறைத்து, நின்று, படித்து, எறியப் பழக்கினார். ஓட்டத்தைக் காட்டினால் வேறு இடத்துக்கு மாற்றிவிடச் சாக்குக் கிடைத்துவிடும் அல்லவா! கூடவே ஒரு கண்டிப்பும் வைத்தார்: இடம் கிடைக்காமல் திரும்பினால், நிறத்தால்தான் விலக்கினார்கள் என்று என்னிடம் வந்து சொல்லாதே. நிறத்தால் விலக்குவார்கள் என்பது ராபின்சனைவிட யாருக்குத் தெரியும்? அந்தச் சாக்கையும் மீறி நிற்கும் அளவுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இது நியாயமா என்று கேட்கலாம். மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சுமக்கச் சொல்வது நியாயமே அல்ல. ஆனால் அந்த அநியாயத்தை மறைத்து மாணவனை அனுப்புவது அதைவிடத் தவறு என்று அவர் கருதினார். அந்த இடத்தில் நான் அவர் பக்கம் நிற்கிறேன்.

1969இல் பஃபலோ பில்ஸ் அணி ஹாரிஸை எட்டாம் சுற்றில் எடுத்தது. தொழில்முறைக் கால்பந்தில் பருவத்தின் முதல் ஆட்டத்தைக் குவாட்டர்பேக்காகத் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். அதே அணியில் அதே ஆண்டு அவரோடு இருந்தவர் மார்லின் பிரிஸ்கோ. முந்தைய ஆண்டு டென்வர் அணிக்குக் குவாட்டர்பேக்காக நன்றாகவே ஆடியவர். பஃபலோவில் அவரைப் பந்து பிடிப்பவராக ஆக்கியிருந்தார்கள். ஹாரிஸ் தினமும் பயிற்சியில் பந்தை எறிந்தது, தமக்கு நேரக்கூடிய கதி நேர்ந்துவிட்ட ஒருவரை நோக்கி. ஹாரிஸுக்குப் பஃபலோவில் இடம் நிலைக்கவில்லை. பிறகு லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸுக்கு வந்து, 1974இல் முதன்மைக் குவாட்டர்பேக்காகி அணியை இறுதிக்கு முந்தைய ஆட்டம்வரை கொண்டுசென்றார்.

அடுத்து டக் வில்லியம்ஸ். 1977இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் நான்காவதாக வந்தவர். அவரைப் பார்க்கக் கிராம்ப்ளிங்குக்கு வந்தவர் டாம்பா பே அணியின் உதவிப் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ். வகுப்பறையில் அவரோடு உட்கார்ந்து பேசி, பலகையில் திட்டங்களை வரையச் சொல்லிப் பார்த்தார். 1978இல் டாம்பா பே அவரை முதல் சுற்றிலேயே, பதினேழாவதாக எடுத்தது. பத்தாண்டு கழித்து, 1988 ஜனவரி 31, சான் டியாகோவில் சூப்பர் பௌல். வாஷிங்டன் அணியின் தலைமைப் பயிற்சியாளர் அதே கிப்ஸ், குவாட்டர்பேக் அதே வில்லியம்ஸ். எதிரே டென்வர். முதல் கால்பகுதி முடிவில் டென்வர் 10, வாஷிங்டன் பூஜ்யம். வில்லியம்ஸ் முழங்கால் முறுக்கிக்கொண்டு வெளியே போய்த் திரும்பியிருந்தார். இரண்டாம் கால்பகுதியில் நான்கு டச் டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் சேர்ந்து புள்ளி தரும் எறிதல், எறிந்தார். வாஷிங்டன் அந்த ஒரு கால்பகுதியில் மட்டும் 35 புள்ளி எடுத்தது. முடிவு 42க்கு 10. சிறந்த ஆட்டக்காரர் விருது வில்லியம்ஸுக்கு. அரங்கத்தில் ராபின்சன் இருந்தார். கறுப்பின வீரர் ஜோ லூயிஸ் 1938இல் ஜெர்மானியர் ஷ்மெலிங்கைக் குத்துச்சண்டையில் வீழ்த்தியபோது தம் தலைமுறைக்கு எப்படி இருந்ததோ, அப்படி இது என்று மாணவரிடம் சொன்னார்.

மைதானத்துக்கு வெளியே அவர் எப்படிப்பட்டவர்? காலையில் மணியை ஆட்டிக்கொண்டு விடுதி அறை அறையாகப் போய்ப் பையன்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவார். பயணத்தில் கோட்டும் டையும் அணிய வேண்டும். மேசையில் எப்படிச் சாப்பிடுவது, நேர்காணலில் எப்படிப் பேசுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார். படிப்பை முடிக்காமல் போனவர்களை வருடங்கள் கழித்தும் விடாமல் துரத்துவார்.

அவர் மீது விமர்சனம் இல்லாமல் இல்லை. 1960களில் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது ராபின்சன் அமெரிக்க நாட்டைப் போற்றியே பேசினார், ஊர்வலங்களில் நிற்கவில்லை. இளைஞர்கள் பலருக்கு அது கசந்தது. 1967இல் அவருடைய கல்லூரியிலேயே மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கால்பந்துக்குக் கிடைக்கும் கவனம் படிப்புக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. காவல் படைகூட வரவழைக்கப்பட்டது, மாணவர்கள் சிலர் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாணவர்கள் கேட்டதில் உண்மை இருந்தது என்றே கருதுகிறேன். தரமான ஆய்வுக்கூடமும் நூலகமும் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அவற்றை மறுத்தது ராபின்சன் அல்லர், கறுப்பினக் கல்லூரிகளுக்கு அரைவயிறு நிதி கொடுத்த மாநில அரசு. இருந்தாலும் வெற்றியின் வெளிச்சம் அந்தப் பற்றாக்குறையை மறைக்க உதவியது என்பதை மறுக்க முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

1985 அக்டோபர் 5 அன்று டல்லஸில் பிரெய்ரி வியூ அணியை 27க்கு 7 என்று வென்றபோது அவருக்கு 324ஆவது வெற்றி. அலபாமா பயிற்சியாளர் பேர் பிரையண்ட் வைத்திருந்த 323 வெற்றிகள் என்ற சாதனை முறிந்தது. சிறிய கல்லூரிகளை வென்றதைப் பெரியவற்றோடு ஒப்பிடலாமா என்று அப்போது முணுமுணுத்தார்கள். பெரிய கல்லூரிகள் நெடுங்காலம் அவரோடு ஆட மறுத்தன என்பதை அவர்கள் சொல்வதில்லை. 1995இல் 400ஆவது வெற்றி. பென் ஸ்டேட் பயிற்சியாளர் ஜோ பெட்டர்னோ 2011இல் ராபின்சனின் எண்ணைத் தாண்டி 409ஐத் தொட்டார், அடுத்த ஆண்டு அவருடைய வெற்றிகளில் 111 நீக்கப்பட்டன, 2015இல் திரும்பத் தரப்பட்டன. இந்த ஏற்ற இறக்கத்தில் எனக்கு அக்கறை இல்லை.

அவருடைய கடைசி ஆண்டுகள் கடினமானவை. தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்தபின், முன்பு கிராம்ப்ளிங்குக்கு வந்திருக்கக்கூடிய பையன்கள் லூசியானா ஸ்டேட்டுக்கும் அலபாமாவுக்கும் போனார்கள். ராபின்சன் வாழ்நாளெல்லாம் விரும்பிய சமத்துவமே அவருடைய அணியை மெலியச் செய்தது. 1995, 1996, 1997 மூன்று பருவங்களிலும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். 1996 இறுதியில் அவரை அனுப்பிவிடக் கல்லூரி நிர்வாகம் முயன்றபோது எதிர்ப்புக் கிளம்பி, இன்னொரு பருவம் கிடைத்தது. அதன் கடைசி ஆட்டத்தில் நியூ ஆர்லியன்ஸில் சதர்ன் அணியிடம் 30க்கு 7 என்று தோற்றார்கள். அவருக்குப்பின் அந்தப் பொறுப்பை ஏற்றவர் டக் வில்லியம்ஸ். ஓய்வுக்குப்பின் ராபின்சனை அல்சைமர் நோய் பிடித்தது. 2007 ஏப்ரல் 3 அன்று, 88 வயதில் மறைந்தார்.

மாணவர்களுக்காக அவர் திறந்த இடம் முழுமையாகத் திறந்தது. 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் இரண்டு பக்கமும் குவாட்டர்பேக்காகத் தொடங்கியவர்கள் கறுப்பினத்தவர்கள். ஆனால் ஆட்டத்தை நடத்தும் இன்னோர் இடம் உண்டு, அது ராபின்சனே உட்கார்ந்திருந்த இடம். 1921இல் அந்த இடத்தில் இருந்த ஃபிரிட்ஸ் போலார்டுக்குப்பின், என்.எஃப்.எல்.லில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் வர 1989 ஆனது. ராபின்சன் அப்போது முந்நூற்றைம்பது வெற்றிகளைத் தாண்டியிருந்தார். லூசியானா ஸ்டேட்டும் அலபாமாவும் அடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் முதல் கறுப்பினக் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளராக சில்வெஸ்டர் க்ரூமை மிசிசிப்பி ஸ்டேட் நியமித்தது 2003 டிசம்பரில். ராபின்சன் ஓய்வுபெற்று அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.